கொட்டாம்பட்டிக்குக் கடல் எவ்வளவு தூரம், தெரியுமா?

காற்றை மட்டுமே நம்பி ஓடும் ஒரு பந்தயப் படகு, மணிக்கு 99.94 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது, தெரியுமா? தள்ளிவிட மோட்டார் கிடையாது, ஒரு சொட்டு டீசல் கிடையாது. 2022ல் பிரான்ஸ் நாட்டின் செயின்ட் ட்ரோபே கடலில், ‘செயில் ஜிபி’ என்ற உலகத் தொடரில், பிரான்ஸ் அணி தொட்ட வேகம் அது. அதற்குப் பிறகு 100ஐயும் தாண்டிவிட்டார்கள். நம் மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையில் ஃபுல் லோடு ஏற்றிய பஸ் கூட அந்த வேகத்தில் போகாது!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் அந்தப் படகு இனத்தின் பெயர்தான். கேட்டமரான். நம் ஊரான கொட்டாம்பட்டி பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எந்தப் பிள்ளையிடமும் இந்தச் சொல்லை மெதுவாக இரண்டு முறை சொல்லிப் பாருங்கள். மூன்றாவது முறை பிள்ளையே திருத்திச் சொல்லும்: கட்டுமரம்!

என் அக்கா மகனிடம் சொன்னபோது அப்படித்தான் நடந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது. “அப்ப நம்ம பேரை வச்சிக்கிட்டு அவங்க ஓட்டுறாங்களா மாமா? நம்ம ஊருக்குக் கடல் எவ்வளவு தூரம்?” தொண்டிக் கடற்கரை நேர்க்கோட்டிலேயே எண்பது கிலோமீட்டருக்கு மேல் வரும், ரோட்டு வழி இன்னும் கூடுதல் என்றேன். “அவ்வளவுதானா!” என்றான். அந்த ‘அவ்வளவுதானா’ என்னை விடவில்லை. இந்தக் கட்டுரையே அதனால்தான்.

1697ல் வெளியான பயண நூல் ஒன்றில், வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி, நம் கிழக்குக் கரையில் பார்த்த கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் இந்தச் சொல் பரவியதற்கு அவருடைய எழுத்தும் ஒரு வழி. அவர் பார்த்தது ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய மரத்துண்டுகள். உள்ளே குழிவு கிடையாது. அதனால் தண்ணீர் புகுந்து மூழ்கிவிடும் என்ற பயமும் கிடையாது. அலை மேலே ஏறி, கட்டைகளின் இடுக்கு வழியாகவே வடிந்துவிடும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மறுநாள் விடியுமுன் மறுபடி கட்டு! ஆணியே இல்லாமல், முடிச்சை மட்டும் நம்பி ஒரு கலம்.

அந்த முடிச்சுக்குத் தென்னை நார்க் கயிறு. உப்புத் தண்ணீருக்கு லேசில் மசியாத கயிறு அது. கொட்டாம்பட்டியிலிருந்து கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய சிங்கம்புணரிக்கு வாருங்கள், கயிறு எப்படிப் பிறக்கிறதென்று பார்க்கலாம். ஒரு பிடி நாரை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் பின்னுக்கு நடக்க, எதிர்முனையில் ராட்டு சுற்ற, அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து கயிறு வளர்ந்துகொண்டே போகும். நார் தீருகிற இடமும் புது நார் சேருகிற இடமும் கண்ணுக்குத் தெரியாது, தடவிப் பார்த்தால் கைக்கும் தெரியாது. கடலைப் பார்க்காத ஊர் என்று நம்மைச் சொல்லலாம். கட்டுத் தெரியாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது!

இன்னொன்று தெரியுமா? உலகம் நம் பெயரை எடுத்துக்கொண்டது, ஆனால் வேறு கலத்துக்கு வைத்துவிட்டது. இன்று கேட்டமரான் என்றால் இரண்டு ஒல்லியான உடல்களை இடைவெளி விட்டு, குறுக்குச் சட்டத்தால் இணைத்த படகு. நம் கட்டுமரமோ இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கட்டியது. இரண்டு ஓடங்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி மேலே தளம் போட்டால் அதற்கு நம்மிடம் தனிப் பெயரே உண்டு. சங்காடம்! தமிழிலும் மலையாளத்திலும் வழங்கிய சொல். போர்ச்சுக்கீசியர் வாயில் அது ‘ஜங்காடா’ ஆகி அட்லாண்டிக்கைத் தாண்டியது. பிரேசில் மீனவர்கள் பாய் கட்டி ஓட்டும் மரத்தெப்பத்துக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ நூல், சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்ற பெரிய கலங்களைச் சொல்கிறது. அதுவும் இந்தச் சங்காடமே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. கட்டுமரம் ஒரு திசையில், சங்காடம் இன்னொரு திசையில், இரண்டு தமிழ்ச் சொற்கள் உலகத்தைச் சுற்றியிருக்கின்றன!

கட்டுமரக்காரரின் துணிச்சலையும் சொல்லிவிட வேண்டும். சென்னையில் துறைமுகம் கட்டும் முன்பு, கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலை சீறுகிற நாளில் எந்தப் படகும் இறங்க முடியாது. அப்போதும் கட்டுமரக்காரர் போவார். கப்பல் கேப்டனுக்கான கடிதத்தைத் தலையில் இருக்கும் கூம்பு வடிவத் தொப்பிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போவார். அலை அவரையே தூக்கி வீசும். நீந்தி மறுபடி மரத்தில் ஏறுவார். கடிதம் மட்டும் நனையாது!

சரி, இரட்டைப் படகுக்கு வருவோம். அது பந்தயத்தில் ஜெயித்ததற்காகவே தடை செய்யப்பட்டது தெரியுமா? 1876 ஜூன் மாதம், அமெரிக்கா சுதந்திரமடைந்த நூறாம் ஆண்டையொட்டி நியூயார்க்கில் பாய்மரப் பந்தயம். நதானியேல் ஹெர்ஷாஃப் என்ற இளம் படகு வடிவமைப்பாளர் ‘அமரிலிஸ்’ என்ற இரட்டைப் படகைக் கொண்டுவந்து மற்ற எல்லாரையும் கடந்து போனார். தோற்றவர்கள் கூச்சல் போட்டார்கள், இது படகே இல்லை என்றார்கள். பரிசும் போயிற்று, அதன்பின் இந்த இனத்தைப் பந்தயங்களிலிருந்தே ஒதுக்கி வைத்தார்கள். மறு ஆண்டே ஹெர்ஷாஃப் அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்!

அவ்வளவு வேகம் எங்கிருந்து வருகிறது? நம் ஊர்ப் பிள்ளைக்கு இதை விளக்க நுகத்தடி போதும். ஒற்றை உடல் படகு காற்றில் சாயாமல் இருக்க, அடியில் கனமான எடை வேண்டும், இல்லையென்றால் வயிறு அகலமாக இருக்க வேண்டும். கனமும் அகலமும் வேகத்துக்கு எதிரிகள். இரட்டைப் படகுக்கு இரண்டும் வேண்டாம். ஒல்லியான இரண்டு உடல்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தி, நடுவே நுகத்தடி போல ஒரு சட்டம். அந்த இடைவெளிதான் அதன் பலம். காற்று பலமாக அடித்தால் ஒரு பக்கத்து உடல் தண்ணீரை விட்டே எழும்பிவிடும். அப்போது தண்ணீரில் உரசுவது பாதிதான். ஓட்டுபவர்கள் வேண்டுமென்றே அப்படி எழுப்பி, விரல்கடை உயரத்தில் அதை நிறுத்திக்கொண்டே ஓட்டுவார்கள். கூடுதலாக எழும்பினால் கவிழும். எழும்பாவிட்டால் வேகம் வராது. மேலூர்ப் பக்கம் பந்தய வண்டி ஓட்டும் சாரதி, மாட்டைத் தொடாமல் தாம்புக் கயிற்றிலேயே பேசுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

மாட்டுவண்டிப் பந்தயம் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் எல்லா மாட்டையும் ஒரே பந்தயத்தில் விடுவதில்லை. பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு என்று தனித்தனிப் பிரிவு. கன்றாக இருக்கும்போதே ஓட்டப் பழக்கினால்தான் பெரிய மாட்டுப் பிரிவில் ஜெயிக்கும். பாய்மரப் பந்தயத்திலும் அச்சு அசல் இதே ஏணிதான்!

அங்கே தேன்சிட்டின் பெயர் ‘ஆப்டிமிஸ்ட்’. 1947ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காகச் செய்த பெட்டி மாதிரியான படகு. நீளம் 2.36 மீட்டர், எடை 35 கிலோ. ஒரு பிள்ளை, ஒரு பாய், ஒரு சுக்கான். 15 வயது வரை இதில் பழகலாம். அதற்கடுத்த பூஞ்சிட்டும் கரிச்சானும்தான் இளையோர் கேட்டமரான்கள். 1968ல் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர், கடற்கரை மணலிலிருந்தே தள்ளி இறக்கக்கூடிய ‘ஹோபி 14’ என்ற இரட்டைப் படகைச் செய்தார். அதன் தம்பியாக வந்த ‘ஹோபி 16’ உலகம் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. பிறகு இளையோருக்கென்றே ‘நாக்ரா 15’ வந்தது. 4.7 மீட்டர் நீளம், இருவர் ஓட்டுவது. 2018ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் சேர்ந்து இதை ஓட்டினார்கள். சொந்த மண்ணில் அர்ஜென்டினா ஜோடியே தங்கம் வென்றது.

அடுத்த படி ‘நாக்ரா 17’. ஒலிம்பிக் படகு. இதிலும் ஓர் ஆண், ஒரு பெண் என்பது கட்டாயம். 1976 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இருந்த இரட்டைப் படகு ‘டொர்னாடோ’. 2012 லண்டனில் இந்த இனத்துக்கே இடமில்லாமல் போனது. 2016 ரியோவில் நாக்ரா 17 அதை மீட்டது. டோக்கியோவுக்கு வந்தபோதோ அதற்கு ரெக்கை முளைத்திருந்தது!

ரெக்கை என்று சொல்வது வர்ணனைக்காக இல்லை. படகின் அடியில், தண்ணீருக்குள், குறுகலான இறக்கைகள் இருக்கும். பெயர் ஃபாயில். தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி. அதனால் விமானத்துக்குப் பெரிய இறக்கை வேண்டிய இடத்தில், படகுக்குக் கையகல இறக்கை போதும். வேகம் கூடியதும் முழுப் படகும் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். அலையின் தட்தட் சத்தம் திடீரென்று நின்றுபோய், மெல்லிய விசில் மட்டும் கேட்கும் என்கிறார்கள் ஓட்டியவர்கள். இளையோருக்கான நாக்ரா 15ல் வளைந்த பலகைகள் உண்டு. அவை படகின் பாரத்தில் ஒரு பங்கைத் தூக்கிக்கொடுத்து, பறப்பதற்கு முன்னால் உடம்பைப் பழக்கிவிடும். நேரடியாக 17ல் ஏறினால் பயம்தான் முதலில் ஏறும்!

காற்றின் வேகத்தைவிடப் படகின் வேகம் கூடுதலாக இருக்க முடியும், தெரியுமா? கேட்டால் பொய் மாதிரி இருக்கும். ஒரு இலைகூட அசையாத சித்திரை மதியத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு கருங்காலக்குடி பக்கம் போங்கள். முகத்தில் காற்று அடிக்கும். அந்தக் காற்றை உண்டாக்கியது நீங்கள். படகும் அப்படித்தான். ஓட ஓடத் தனக்கென்று ஒரு காற்றை உண்டாக்குகிறது, இயற்கைக் காற்றோடு அது சேர்ந்து பாயில் விழுகிறது, அதனால் இன்னும் ஓடுகிறது. மெதுவான படகில் இந்தச் சேர்க்கை பெரிதாகத் தெரியாது. கேட்டமரானில் ஏறிய நாளே காற்று ஒரு பக்கமிருந்து முகத்துக்கு நேராக நகர்ந்து வருவதைப் பிள்ளை உணர்ந்துவிடும். பாயை எந்த நொடியில் இழுக்க வேண்டும், எந்த நொடியில் விட வேண்டும் என்பதை உடம்பு அங்கேதான் படிக்கிறது. அதிவேகப் படகுகளுக்கு ஆள் தேடுபவர்கள் இந்த உடம்புப் பாடம் உள்ள பிள்ளைகளைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

இன்னொரு பாடம், வெளியே தொங்குவது. பாய்மரத்திலிருந்து இறங்கும் கம்பியை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, பாதங்களை மட்டும் படகின் விளிம்பில் ஊன்றி, முழு உடம்பையும் கடலுக்கு மேல் மல்லாந்து நீட்டி நிற்பார்கள். முதுகுக்குக் கீழே தண்ணீர் ஓடும். இது வெளிநாட்டு வித்தை என்று நினைத்துவிடாதீர்கள்! பாக் நீரிணைப் பக்கம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினத்தில் ஓடிய ‘வத்தை’ என்னும் பாய்மரப் படகில் குறுக்காக ஒரு நீளப் பலகை இருக்கும். காற்று படகைச் சாய்க்கும்போது ஆட்கள் அந்தப் பலகை வழியே கடலுக்கு மேல் நகர்ந்து உட்கார்ந்து சமன் செய்வார்கள். சென்னை மாகாண மீன்துறைக்குத் தலைமை வகித்த ஜேம்ஸ் ஹோர்னெல், 1920ல் இந்தியப் படகு வடிவங்களை ஆராய்ந்து எழுதியபோது இதை வியந்து பதிவு செய்திருக்கிறார். தொண்டி, நம்புதாளை பக்கம் திருவிழாவையொட்டி இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். ஒருமுறை போய்ப் பாருங்கள். பாய் விம்மும்போது கரையில் நிற்கும் ஜனம் எழுப்பும் சத்தம், வாடிவாசல் திறக்கும்போது கேட்பதேதான்.

கவிழ்ந்தால்? கவிழும்! முன்மூக்கு அலையில் குத்திவிட்டால் படகு குட்டிக்கரணமே போடும், தொங்கிக்கொண்டிருந்தவர் முன்னால் பறந்து போவார். அதனால் கேட்டமரான் வகுப்பில் நிமிர்த்துவதற்கான பயிற்சியை முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் கிடக்கும் படகின் கீழ் உடல்மேல் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து, பாய்க்கு அடியில் காற்று நுழையும்வரை பொறுத்தால், தானே எழும்பி வரும். முழுக்கத் தலைகீழாகிவிட்டால்தான் சிரமம். அதைத் தடுக்கப் பழகும் படகுகளின் பாய்மர உச்சியில் உருண்டையான மிதவை ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கிணறுதான் ஞாபகம் வந்தது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி என்னைத் தள்ளிவிட்ட சித்தப்பா ஞாபகம் வந்தார். குடுக்கை மேலே தூக்கும், நாம் கீழே உதைப்போம், பத்தாவது நாள் குடுக்கையை அவிழ்த்துவிடுவார்கள். அதே மிதவை, அதே தைரியம்!

இந்த ஏணியில் ஏறியவர்கள் எங்கே போனார்கள் தெரியுமா? 2013ல் சான் ஃபிரான்சிஸ்கோவில், 19 முதல் 24 வயது வரையுள்ளவர்களுக்காக இளையோர் அமெரிக்கா கோப்பை என்ற பாய்மரப் பந்தயம் நடந்தது. படகு, 45 அடி கேட்டமரான். ஜெயித்த நியூசிலாந்து அணியின் சுக்கானைப் பிடித்தவர் பீட்டர் பர்லிங். நான்கே ஆண்டில், 2017ல், பெர்முடாவில் உண்மையான அமெரிக்கா கோப்பையையே பறக்கும் கேட்டமரானில் வென்றுவிட்டார். அப்போது வயது 26. அந்தக் கோப்பையை வென்ற சுக்கானிகளில் மிக இளையவர் அவர்தான். அந்தப் படகில் பாயை இயக்கும் சக்தியைத் தர, ஆட்கள் சைக்கிள் பெடல் மிதித்தார்கள். கடலில் சைக்கிள்!

இத்தாலியின் மார்கோ கிராடோனி ஆப்டிமிஸ்ட் உலகப் பட்டத்தை 2017, 2018, 2019 என்று வரிசையாக மூன்று முறை வென்றார். 15 வயதில் உலகின் சிறந்த பாய்மர வீரர் விருது! அதே நாட்டின் ருஜேரோ டீட்டா, கேத்தரீனா பான்டி ஜோடி டோக்கியோவிலும் பாரிஸிலும் நாக்ரா 17 தங்கத்தை அடுத்தடுத்து வாங்கியது. வயதைப் பற்றிச் சொல்லும்போது சான்டியாகோ லாங்கே என்ற வீரரை விடக்கூடாது. 2015ல் புற்றுநோய்க்காக நுரையீரல் அறுவை சிகிச்சை. மறு ஆண்டு ரியோவில், 54 வயதில், செசிலியா கர்ரான்ஸாவுடன் நாக்ரா 17 தங்கம். அவருடைய மகன்கள் இருவரும் அதே ஒலிம்பிக்கில் வேறு படகில் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம்மவர்கள்? சென்னையின் நேத்ரா குமணன், கோடைப் பயிற்சி முகாமில் பாய்மரம் பழகத் தொடங்கியவர். பாய்மரப் பந்தயத்தில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். டோக்கியோ, பாரிஸ் இரண்டுக்கும் போனார். வருண் தாக்கர், கே.சி. கணபதி ஜோடியும் சென்னைதான். ‘ஃபார்ட்டி நைனர்’ (49er) என்ற அதிவேக ஒற்றை உடல் படகில் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம், பிறகு டோக்கியோ. வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன் ராணுவ வீரர், இரண்டு ஒலிம்பிக் கண்டவர். அவருடைய சகோதரி ரம்யா சரவணன், சித்தேஷ்வர் டோய்ஃபோடேயுடன் சேர்ந்து 2023ல் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஓட்டியது எந்தப் படகு தெரியுமா? நாக்ரா 17! கட்டுமரம் என்று பெயர் வைத்த மொழிக்காரப் பெண் கேட்டமரானில் ஏறிவிட்டார்!

“அவர்களெல்லாம் கடலில் பழகியவர்கள்” என்பீர்கள். இங்கேதான் நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுக்காத செய்தி வருகிறது. அதே ஹாங்சோவில் சிறுமியர் பிரிவில் இந்தியாவுக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்த நேஹா தாக்கூர், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் பக்கத்து விவசாயி மகள். 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற ஹர்ஷிதா தோமரும் அதே மாநிலம். கடலே இல்லாத மாநிலம்! இருவரும் பழகியது போபால் பாய்மரப் பள்ளியில், அங்கே இருக்கும் பெரிய ஏரியில். அந்த ஏரி எப்படி வந்தது தெரியுமா? 11ஆம் நூற்றாண்டில் போஜ ராஜா கரை போட்டுத் தேக்கியது என்று சொல்கிறார்கள். கரை போட்டுத் தேக்கிய தண்ணீருக்கு நம் ஊரில் பெயர் என்ன? கண்மாய்! ஒரு கண்மாயிலிருந்து ஆசிய விளையாட்டுப் பதக்கம் வந்திருக்கிறது!

நம் கண்மாய்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் நேரத்தில் இங்கே தண்ணீர் இருக்காது, கரம்பை வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து நிற்கும்போது காற்று அடங்கிவிடும். ஆனால் தை பிறக்கும் வரை வீசும் வாடை, ஆப்டிமிஸ்ட் பாய்க்குப் போதும். சிறுவர்கள் முதலில் படிக்க வேண்டியதே மெல்லிய காற்றுதான். தண்ணீரின் மேல் கருப்பாக ஒரு திட்டு நகர்ந்து வரும். அதுதான் காற்று வருகிற தடம். கரையில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தடம் ஏற்கெனவே தெரியும். அது எதற்கு உதவும் என்று யாரும் சொன்னதில்லை, அவ்வளவே. காற்றும் தண்ணீரும் சேர்ந்து வேண்டுமென்றால் வைகை அணை இருக்கிறது. 1959ல் கட்டிய, 71 அடி வரை தண்ணீர் தேக்கும் அணை. அதற்கடுத்து, ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் தரத்தில் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. மேலூர், சிவகங்கை, மானாமதுரை, பரமக்குடி என்று பஸ் மாறி மாறிப் போனால் அரை நாள் பயணம்.

35 கிலோ என்று மேலே சொன்னேனே, அந்த ஆப்டிமிஸ்ட் படகு. வீட்டில் அரிசி மூட்டையை இரண்டு பேர் தூக்குகிற மாதிரி தூக்கிவிடலாம். குட்டி யானை வண்டியில் ஏற்றி, பின்கதவைத் திறந்தபடி விட்டு, சிங்கம்புணரிக் கயிற்றால் இரண்டு சுற்று இறுக்கிக் கட்டினால் கண்மாய்க்கரை வரை ஆடாமல் வரும். கட்டுப் போட எங்கள் வீட்டில் ஆள் ரெடி. அக்கா மகன் இப்போதே முடிச்சுப் பழகிக்கொண்டிருக்கிறான்.